அலமாரிப் பூட்டும் தெருமுனைக் காலிமனையும்

அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளின் உயிரை அதிகம் பறிப்பது துப்பாக்கி. 2020இல் அது சாலை விபத்தை முந்திவிட்டது. குழந்தை மருத்துவராக இதைச் சொன்னால் எல்லோரும் பள்ளியில் நடக்கும் கூட்டுக்கொலையைத்தான் நினைக்கிறார்கள். மொத்தச் சாவில் அதன் பங்கு மிகச் சிறியது.

2021இல் 4,752 பிள்ளைகள் துப்பாக்கியால் இறந்தார்கள். பாதிப் பேர் கறுப்பினத்தவர்; நாட்டின் பிள்ளைகளில் அவர்கள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். சாகும் விதமும் வேறு. சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினப் பிள்ளைகள். துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டவர்களில் முக்கால் பங்குக்கு மேல் வெள்ளையினப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே அறிவுரை எப்படிப் பொருந்தும்?

வீட்டுக்குள் நேரும் சாவைத் தடுக்க வழி தெரியும். துப்பாக்கி இருக்கிறதா, எங்கே என்று ஒவ்வொரு பரிசோதனையிலும் கேட்கிறேன். “அலமாரி மேல்தட்டில், டாக்டர். இவனுக்கு எட்டாது” என்பார் தந்தை. அதற்குள் மகன் மேசைமீது ஏறிச் சுவரிலிருக்கும் கையுறைப் பெட்டியை இழுத்துக்கொண்டிருப்பான். கம்பிப் பூட்டை எடுத்துக் காட்டுவேன். முதலில் தோட்டாக்களை வெளியே எடுக்க வேண்டும், பிறகு துப்பாக்கிக்குள் கம்பியை நுழைத்துப் பூட்ட வேண்டும். தோட்டாக்களுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. வளர்ந்த பிள்ளைக்குச் சாவி இருக்குமிடம் தெரியக் கூடாது. மனமுடைந்த ஒரு பொழுதில் அந்தத் தடையே உயிரைக் காக்கும்.

டாக்டர் இப்படிக் கேட்பதையே 2011இல் ஃபுளோரிடா சட்டம் போட்டுத் தடுத்தது. அதன் பெரும்பகுதியை 2017இல் நீதிமன்றம் நீக்கியது. இங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கும் கூச்சம்தான். பிள்ளை விளையாடப் போகும் நண்பன் வீட்டில் நாய் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள், துப்பாக்கியைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

“பூட்டி வைக்கிறேன். தெருவில் சுடுகிறவனை என்ன செய்வது?” என்று கறுப்பினக் குடும்பத்துப் பாட்டி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1930களில் அரசு அமைப்பே கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, கடன் கொடுக்கத் தகாத இடம் என்று ஒதுக்கியது. முதலீடு வரவில்லை, வீடுகள் பாழடைந்தன. இன்றும் பல நகரங்களில் துப்பாக்கிச் சூடு மிகுதியாக நடப்பது அதே பகுதிகளில்தான். பிள்ளைகளின் தோல் நிறத்தில் காரணம் தேடுபவர்கள் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு வரட்டும்.

பிலடெல்பியாவில் காலிமனைகளின் குப்பையை அள்ளி, புல் விதைத்து, மரம் நட்டு, குட்டையான மரவேலி போட்டார்கள். ஏழ்மை மிகுந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்ததாக 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. போலீஸைக் குவிக்கவில்லை, யாரையும் சிறையில் தள்ளவில்லை.

இன்னொன்று, குண்டடிபட்டுப் பிழைத்த பையனின் படுக்கையருகே நடக்க வேண்டியது. பழிவாங்கும் எண்ணம் சூடாக இருக்கும்போதே, அவன் மதிக்கக்கூடிய, அதே பகுதியில் வளர்ந்த ஊழியர் ஒருவர் பேசி, வீடு மாறவும் படிப்பைத் தொடரவும் உடன் நிற்பார். சில மருத்துவமனைகளில் இந்தத் திட்டம் இருக்கிறது. உங்கள் ஊரில் இல்லையென்றால், மாநகராட்சியின் அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் எழுந்து ஏன் இல்லை என்று கேளுங்கள்.