லொக் அடங்கியது, பிழை அடங்கவில்லை: ‘நோஎம்எம்கொன்ஃப்’ போடுமுன்

மட்டக்களப்பு கல்லடியில் லப்டொப் திருத்துகிறவனாக நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது: உபுண்டு லொகின் திரையைத் தாண்டுதில்லை, டிஸ்க் நிறைந்துவிட்டது. திறந்து பார்த்தால் படமும் இல்லை, பாட்டும் இல்லை. இயங்குதளம் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் சிஸ்லொக் கோப்பு ஒன்றே கிகாபைட் கணக்கில் வீங்கிக் கிடக்கும். உள்ளே திரும்பத் திரும்ப ஒரே செய்தி: ‘பிசிஐஇ பஸ் எரர், செவரிட்டி கரெக்டட்’. அதாவது, வைஃபை கார்டு போன்றவற்றை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் ஒரு பிழை வந்தது, அது அங்கேயே திருத்தப்பட்டது. லொக் எழுதும் ஆர்சிஸ்லொக் என்ற நிரல் அதையே கேர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) லொக்கிலும் இன்னொரு தடவை எழுதுவதால் இடம் இரட்டிப்பு வேகத்தில் போகும்.

தேடினால் உடனே கிடைக்கும் மருந்து, கேர்னலை எழுப்பும் கிரப் நிரலின் வரியில் ‘பிசிஐ’ அளவுருவுக்கு ‘நோஎம்எம்கொன்ஃப்’ என்று சேர்ப்பது. சேர்த்த கையோடு லொக் அமைதியாகிவிடும். அப்படி யாரோ சேர்த்துக் கொடுத்த லப்டொப்பைத்தான் களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்தார். வைஃபை இடையிடையே அறுந்துபோகிறதாம். கிரப் வரியைக் காட்டினேன்.

“அது போட்ட பிறகு ஒண்டும் வருகுதில்லைத்தானே தம்பி, பிறகென்ன?”

“சேர், அது பிழையை நிப்பாட்டல்ல. பிழையைப் பார்க்கிற இடத்தைப் பூட்டியிருக்கு.”

எந்த இடம் அது? பிசிஐ வழியாக இணையும் ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் கொன்ஃபிக் ஸ்பேஸ் என்று ஒரு பகுதி உண்டு. தயாரித்தது யார், என்ன வகைச் சாதனம், என்னென்ன வசதிகள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கேர்னல் எழும்பும்போது முதலில் வாசிப்பதும் அதைத்தான். பழைய பிசிஐயில் அது 256 பைட். சாதாரண பிசிக்களில் அதைத் தொட இரண்டு ஐ/ஓ போட்கள் (தரவு போய்வரும் வாசல்கள்) உண்டு: ஒன்றில் முகவரியை எழுதிவிட்டு மற்றதில் தரவை வாசிக்க வேண்டும். அந்த முகவரியில் ரிஜிஸ்டருக்கு (சாதனத்தின் உள்ளே உள்ள சிறு பதிவிடம்) ஒதுக்கியது 8 பிட்தான், அதனால் 256க்கு மேல் கை எட்டாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தபோது அந்தப் பகுதி 4096 பைட் ஆனது. அதற்காக ஈகாம் என்ற இன்னொரு வழியை வைத்தார்கள். கொன்ஃபிக் ஸ்பேஸ் முழுவதும் நினைவக முகவரிகளாகவே தெரியும். 256 பஸ், பஸ்ஸுக்கு 32 சாதனம், சாதனத்துக்கு 8 ஃபங்ஷன், ஃபங்ஷனுக்கு 4 கிலோபைட் என்று பெருக்கினால் 256 மெகாபைட். அது எங்கே தொடங்குகிறது என்பதை பயோஸ், எம்சிஎஃப்ஜி என்ற ஏசிபிஐ (ஹார்ட்வெயார் விவரத்தை பயோஸ் கேர்னலுக்குச் சொல்லும் முறை) அட்டவணையில் எழுதிவைக்கும்.

‘நோஎம்எம்கொன்ஃப்’ சொல்வது, இந்த இரண்டாவது வழியைப் பாவிக்காதே என்று. இன்டெல் இயந்திரங்களில் அப்போது 256க்கு மேற்பட்ட பகுதி முழுவதும் கேர்னலுக்குத் தெரியாமல் போய்விடும். பிழைகளைப் பதியும் ஏஇஆர் ரிஜிஸ்டர்கள் இருப்பது அங்கேதான். அதனால்தான் லொக் அடங்குகிறது. இணைப்பு பக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டேதான் இருக்கும், எண்ணிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அதோடு எல்1 உபநிலை என்ற மின்சேமிப்பு அமைப்பும், மெய்நிகர் இயந்திரங்களுக்குக் கார்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்ஆர்-ஐஓவியும் கண்ணில் இருந்து மறைந்துவிடும்.

அளவுருவைக் குறை சொல்லவில்லை. பயோஸ் பிழையான முகவரியைக் கொடுக்க, கேர்னல் அங்கே கை வைத்ததும் உறைந்துபோன மதர்போட்கள் இருந்திருக்கின்றன. அவற்றை எழுப்ப இது வேண்டும். லொக்கை அடக்க இதைப் போடுவதுதான் பிரச்சினை.

நியமத்துக்கு ஒத்துவராத ஹார்ட்வெயாரை கேர்னல் எழுதுகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஆம் (ARM) வகை சிப் உள்ள சேர்வர்களில் பல, ஈகாமைச் சரியாகப் பின்பற்றாமலே சந்தைக்கு வந்தன. 2017இல் வெளியான லினக்ஸ் 4.10 அவற்றுக்கென்று ஒரு விலக்குப் பட்டியலைக் கொண்டுவந்தது. எம்சிஎஃப்ஜி அட்டவணையில் உள்ள தயாரிப்பாளர் அடையாளம், அட்டவணைப் பெயர், திருத்த எண் எல்லாம் ஒத்துப்போனால் மட்டுமே மாற்று வழி. மற்ற இயந்திரம் ஒன்றையும் அது தொடாது. டிசைன்வெயார் என்ற பிசிஐ எக்ஸ்பிரஸ் கொன்ட்ரோலர்கள் சிலவற்றில் ஒரே சாதனம் 32 இடத்திலும் இருப்பதாகப் பதில் வரும். அங்கே கேர்னல் முதல் இடத்தை மட்டும் விசாரித்துவிட்டுப் போய்விடும்.

எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. சில சிப்களில் ஒரே தடவையில் 32 பிட் மட்டுமே எழுதலாம், 16 பிட் எழுத்து ஓடாது. கொன்ஃபிக் ஸ்பேஸில் 4ஆம் பைட்டில் கொமாண்ட் ரிஜிஸ்டர், 6ஆம் பைட்டில் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர், இரண்டும் 16 பிட், ஒட்டியே இருக்கின்றன. கொமாண்டில் ஒரு பிட்டை மாற்ற நான்கு பைட்டையும் வாசித்து, மாற்றி, நான்கையும் திருப்பி எழுத வேண்டும். ஸ்டேட்டஸில் உள்ள பிழை பிட்கள் ‘1 எழுதினால் அழியும்’ வகை. வாசித்தபோது 1 ஆக இருந்ததை அப்படியே திருப்பி எழுதினால், பதிந்திருந்த பிழை அழிந்துபோகும். யாரும் அழிக்கச் சொல்லவில்லை! வேறு வழி இல்லாததால் கேர்னல் அப்படித்தான் எழுதுகிறது. ஆனால் பக்கத்து பிட்கள் கெடலாம் என்று லொக்கில் எச்சரிக்கை ஒன்றையும் போட்டுவிடுகிறது.

கொன்ஃபிக் ஸ்பேஸை ஃபேர்ம்வெயார் (சிப்போடு வரும் அடிப்படை மென்பொருள்) அழைப்பு மூலம் தொடலாம் என்று ஆம் (ARM) நிறுவனம் ஓர் இடைமுகம் வகுத்தது. 2021இல் அதற்கான பேட்ச்கள் வந்தபோது லினக்ஸ் பராமரிப்பாளர்கள் ஏற்கவில்லை. ஹார்ட்வெயார் குறையை ஃபேர்ம்வெயாருக்குள் மறைத்துவிட்டால் சிப்பைத் திருத்த யாருக்கும் அவசரம் இருக்காது என்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

சரி, உங்கள் லப்டொப்பில் இந்தச் செய்தி வந்தால்? முதலில் அந்த அளவுருவை எடுத்துவிட்டு, பிழை எந்தச் சாதனத்தில் இருந்து வருகிறது, எந்த அடுக்கில் என்று லொக்கை வாசியுங்கள். ‘ஃபிசிக்கல் லேயர்’ என்றால் முதல் சந்தேகம் தொடுமுனைகளில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே எங்கள் வீடுகள். உப்புக் காற்று வைஃபை கார்டின் விளிம்பை விட்டுவைக்காது. ஆசிரியரின் லப்டொப்பிலும் அந்த விளிம்பில் பச்சை படர்ந்திருந்தது. ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து மாட்டியதும் பிழை எண்ணிக்கை ஏறுவது நின்றது. பட்டரி இணைப்பைக் கழற்றாமல் கார்டில் கை வைக்க வேண்டாம். ‘டேட்டா லிங்க் லேயர்’ என்றால் மின்சேமிப்பையும் சேர்த்துச் சந்தேகியுங்கள். பயோஸைப் புதுப்பித்துப் பாருங்கள், பிறகு ஏஎஸ்பிஎம் என்ற இணைப்பு மின்சேமிப்பை அந்தச் சாதனத்துக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் நிறுத்தினால் பட்டரி சீக்கிரம் இறங்கும். எண்ணிக்கையைப் பார்க்க லொக் தேவையில்லை. கேர்னல் 4.19 முதல் ஒவ்வொரு சாதனத்துக்கும் சிஸ்எஃப்எஸ் என்ற கேர்னல் தகவல் கோப்புறையில் தனிக் கணக்கு இருக்கிறது. 2025இல் வந்த 6.16 கேர்னல் இந்தச் செய்திகளைத் தானாகவே மட்டுப்படுத்துகிறது, டிஸ்க் நிறையும் தொல்லை அதில் பெருமளவு குறைகிறது.

இத்தனைக்குப் பிறகும் அடக்கத்தான் வேண்டும் என்றால், செட்பிசிஐ கருவியால் அந்தச் சாதனத்தின் டிவைஸ் கொன்ட்ரோல் ரிஜிஸ்டரில் முதல் பிட்டை மட்டும் 0 ஆக்குங்கள். திருத்தப்பட்ட பிழைகளின் அறிவிப்பு மட்டும் நிற்கும், திருத்த முடியாத பிழைகள் வந்தால் அவை தெரியவரும். ரீஸ்டார்ட் செய்தால் அது பழையபடி ஆகிவிடும், அதனால் தொடக்கத்தில் ஓடும் ஒரு சிறிய ஸ்கிரிப்டில் போட்டுவையுங்கள். ஏன் போட்டோம் என்று அதிலேயே ஒரு வரி எழுதிவிட்டால், அடுத்ததாகத் திறக்கிறவருக்கு வேலை மிச்சம்.