சின்னமேற்று: கறுவா தந்த பெயர்

கொழும்பு மருந்துக் கடைகளில் விற்கும் சன்ஸ்கிரீன் சிலவற்றின் பின்புறம் ‘எதைல்ஹெக்சைல் மெதொக்சிசின்னமேற்று’ என்ற உட்பொருளைப் பார்க்கலாம். வாய்க்குள் நுழையாத பெயர்தான். ஆனால் நடுவில் ஒளிந்திருக்கும் ‘சின்னம’ நமக்குப் பழக்கமான கறுவா.

கறுவா இலத்தீனில் ‘சின்னமோமும்’, கிரேக்கத்தில் ‘கின்னமோமோன்’. கிரேக்கர் இந்தச் சொல்லைப் பழங்காலக் கடல்வணிகரான பினீசியரிடம் கற்றதாக கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். கறுவாவின் பெயரைப் பெற்ற அமிலம் சின்னமிக் அமிலம். அதன் உப்புகளும் எசுத்தர்களும் (அமிலமும் அற்ககோலும் சேர்ந்து உண்டாகும் சேர்வைகள்) சின்னமேற்று. சல்பேற்று, காபனேற்று படித்தவர்களுக்கு இந்த ‘ஏற்று’ புதிதல்ல. தமிழ்நாட்டில் சின்னமேட் என்பார்கள். நல்ல தமிழில் ‘கறுவா அமில எசுத்தர்’ என்றால் போதும். கொழும்பு 7ஐயே கறுவாத்தோட்டம் என்று அழைக்கும் நமக்கு இலவங்கப்பட்டை எதற்கு?

அதற்காகக் கறுவா எண்ணெயை முகத்தில் பூசிவிடாதீர்கள், தோல் எரியும். வெயிலைத் தடுப்பது திருத்தப்பட்ட மூலக்கூறு. மெதொக்சி என்ற அணுக்கூட்டம் சேர்ந்ததால் அது 310 நானோமீற்றர் அலைநீளமளவில், தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் கழியூதா பி கதிரை நன்றாக உறிஞ்சும். எதைல்ஹெக்சைல் வால் அதை எண்ணெயாக்குகிறது. தண்ணீரில் எளிதில் கரையாது.

தொழிற்சாலைக்குக் கறுவா தேவையே இல்லை. பெற்றோலிய வழியில் வரும் அனிசால்டிகைட்டு என்ற சேர்வையை, வன்காரத்தின் உதவியோடு அசற்றேற்று எசுத்தருடன் தாக்கமுறச் செய்து, பிறகு அமில ஊக்கியால் எசுத்தராக்குவது பழைய வழிகளில் ஒன்று. கழிவும் கூடவே வரும். இங்கேதான் கழிவையும் கேட்டையும் குறைத்துத் தயாரிக்கப் பார்க்கும் ‘பசுமை இரசாயனவியல்’ வருகிறது. அதன் 12 கோட்பாடுகளை 1998இல் போல் அனஸ்தாசும் ஜோன் வார்னரும் வகுத்தார்கள். அமிலத்துக்குப் பதில் இலிப்பேசு நொதியத்தை வைத்து, கடும் சூடில்லாமல் எசுத்தராக்கும் முறை ஆய்வுகூடங்களில் செய்து பார்க்கப்பட்டது. இன்னொரு வழி எனக்கு அதிகம் பிடித்தது: நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கச்சோலக் கிழங்கில் எதைல் மெதொக்சிசின்னமேற்று இயற்கையாகவே நிறைய இருக்கிறது. அதன் எதைல் வாலை மட்டும் மாற்றினால் சரி, சன்ஸ்கிரீன் பொருள் தயார். ஆனால் கிழங்கிலிருந்து பிரித்தெடுக்கக் கரைப்பான் வேண்டும். அது எது என்று கேட்காமல் ‘இயற்கை’ என்று மயங்கக் கூடாது.

பசுமை என்பது இங்கே தயாரிக்கும் முறையைத்தான் குறிக்கிறது, பொருளை அல்ல. பவளப்பாறைகளுக்குக் கேடு என்று காரணம் காட்டி, எதைல்ஹெக்சைல் மெதொக்சிசின்னமேற்று கலந்த சன்ஸ்கிரீனை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பதை 2021 முதல் தடைசெய்யும் சட்டத்தை ஹவாய் 2018இல் இயற்றியது. கச்சோலத்தில் பிறந்தாலும் பெற்றோலியத்தில் பிறந்தாலும் அந்தச் சட்டத்தின் முன் ஒன்றுதான்.