ஒரே ஊரில் இரண்டு கடல்

மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில், பசிபிக் கரையோரம் அமைந்துள்ள புவேர்த்தோ எஸ்கொந்திதோ என்ற சிற்றூரில் ஒரு வினோதம் உண்டு. ஊரின் கிழக்குப் பக்கம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கும் சிகாதேலா கடற்கரைக்கு உலகெங்கிலுமிருந்து அலைச்சறுக்கு வீரர்கள் வருகிறார்கள். ஆனால் அந்த ஊரில் பிறந்த தாய் எவரும் தன் குழந்தையை அங்கே தண்ணீரில் இறக்கமாட்டார். சில கிலோமீட்டர் மேற்கே போனால் கரிசாலீயோ, ஆன்ஹெலித்தோ, மான்சானீயோ என்று சிறு சிறு குடாக்கள் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் குடும்பங்கள் சோற்றுப் பாத்திரமும் பாட்டியுமாக வந்து, இடுப்பளவு நீரில் பிள்ளைகளை விளையாடவிடுவது இங்கேதான். இரண்டும் ஒரே பெருங்கடல். அன்றைக்கு வந்து சேர்ந்த அலையும் ஒன்றே. பிள்ளைகளோடு மெக்சிகோவின் கடற்கரை ஊர் ஒன்றுக்குக் கிளம்பும் பெற்றோருக்குக் குடை, களிம்பு, குடிநீர் பற்றிய அறிவுரைகள் எங்கும் கிடைக்கும். எந்தக் கரையில் இறங்கலாம், எந்தக் கரையில் கூடாது என்பதைக் கடல் எப்படித் தீர்மானிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவை எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

சிகாதேலாவில் வந்து மோதும் பெரிய அலைகள் பெரும்பாலும் அந்த ஊர்க் காற்றில் பிறந்தவை அல்ல. அவை தென் அரைக்கோளத்தின் குளிர்காலத்தில், அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் வீசும் புயல்களில் பிறக்கின்றன. புயலை விட்டு விலகியபின் சிற்றலைகள் தேய்ந்து மறைய, நீண்ட அலைகள் மட்டும் ஆற்றலை அதிகம் இழக்காமல் பயணத்தைத் தொடர்கின்றன. இப்படிப்பட்ட அலைகள் பசிபிக் பெருங்கடலைத் தெற்கிலிருந்து வடக்காகக் குறுக்கே கடந்து அலாஸ்கா வரை செல்வதை 1963இல் கடலியல் அறிஞர் வால்டர் மங்க் தலைமையிலான குழுவினர் வழிநெடுக அளவுமானிகளை வைத்துப் பின்தொடர்ந்து காட்டினார்கள். ஓர் அலை முகடு கடந்து அடுத்தது வர 18 வினாடி ஆகிறது என்றால், ஆழ்கடலில் அந்த முகடுகளுக்கிடையே ஏறக்குறைய அரை கிலோமீட்டர் இடைவெளி இருக்கும். அந்த அலைத்தொகுதியின் ஆற்றல் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அதாவது நியூசிலாந்துக்குத் தெற்கே வீசிய புயலின் சேதி ஒன்பது பத்து நாள் கழித்து வஹாகாவின் மணலில் வாசிக்கப்படுகிறது. அன்று ஊரில் வானம் தெளிவாக இருக்கலாம். ஓர் இலைகூட அசையாமல் இருக்கலாம்.

அலை தன் நீளத்தில் பாதி அளவுக்குக் கீழே வரை நீரை அசைக்கும். எனவே அரை கிலோமீட்டர் நீள அலை, 250 மீட்டர் ஆழத்திலேயே அடித்தரையை உணரத் தொடங்கிவிடுகிறது. கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தரை, அகலமாகச் சரிந்து கிடக்கும் கடற்கரைகளில் இந்த உராய்வு நெடுந்தூரம் நீடித்து அலையைக் களைக்க வைக்கும். வஹாகா கரையில் கண்டத்திட்டு மிகக் குறுகியது. நூறு கிலோமீட்டருக்குள்ளாகவே நடு அமெரிக்கக் கடல் அகழி ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆகவே அலை தன் வலிமையைச் செலவழிக்க இடமே இல்லாமல் கரையருகே வந்து, நீருக்கடியில் திடீரென எதிர்ப்படும் மணல் மேட்டில் முட்டி, நெட்டென எழுந்து, முன்புறமாகக் குழாய்போல் சுருண்டு விழுகிறது. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஒரு டன்னுக்கும் சற்று அதிகம். முழங்கால் ஆழத்தில் நிற்பவர்மீது அப்படியொரு சுருள் விழுந்தால் அவரைத் தலைகுப்புற மணலில் குத்திவிடும். கழுத்தெலும்பு முறிவதற்கு ஆழமான தண்ணீர் தேவையில்லை.

குடாக்களில் நடப்பது வேறு. ஆழம் குறையும் இடத்தில் அலையின் வேகமும் குறைகிறது. பாறை முனை ஒன்றின் அருகே ஆழம் குறைவு என்பதால் அலையின் அந்தப் பகுதி பின்தங்க, ஆழமான நடுப்பகுதி முந்துகிறது. அணிவகுப்பில் ஒரு பக்கத்தார் மெதுவாக நடந்தால் வரிசையே அந்தப் பக்கம் திரும்புவது போல, அலையும் முனையை நோக்கி வளைகிறது. இதனால் ஆற்றல் முனைகளில் குவிந்து, குடாவின் உட்புறத்தில் விரிந்து பரவுகிறது. எடுத்துக்காட்டாக, 100 மீட்டர் அகலமுள்ள வாயிலுக்குள் நுழையும் அலை 200 மீட்டர் நீளமுள்ள வளைந்த கரையெங்கும் பரவினால், ஒவ்வொரு மீட்டருக்கும் கிடைக்கும் ஆற்றல் பாதியாகிவிடும்; பாறைகளில் மோதிச் சிதறுவது இந்தக் கணக்கில் சேராது. இந்தக் காரணத்தால்தான் கரிசாலீயோவுக்கு இறங்கும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படிகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கத் தகுந்தவை. ஊரின் பெயருக்கே ‘மறைந்த துறைமுகம்’ என்றுதான் பொருள். குடாவும்கூட எல்லா நாளும் அமைதியாக இருப்பதில்லை; கரிசாலீயோவில் அலைச்சறுக்குப் பழகுபவர்கள் இருப்பார்கள், அவர்கள் அலை பிடிக்கும் பக்கத்தை விட்டு விலகிக் குழந்தைகளை இறக்க வேண்டும்.

காலமும் கணக்கில் வரவேண்டும். தெற்கின் குளிர்காலப் புயல்கள் ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இந்தக் கரைக்குப் பெரிய அலைகளை அனுப்புகின்றன. வட அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறை இதற்குள்தான் வருகிறது என்பது பெற்றோரின் துரதிர்ஷ்டம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதே கடல் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும். விடுதியிலோ கடையிலோ ‘மார் தே ஃபோந்தோ’ என்ற சொல் காதில் விழுந்தால், தொலைதூரப் புயலின் நீண்ட அலைகள் வந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். 2015 மே மாதத் தொடக்கத்தில் இப்படி வந்த அலைகள் மெக்சிகோவின் பசிபிக் கரை நெடுகக் கடற்கரை உணவகங்களுக்குள் புகுந்து நாசம் செய்தன. கேரள மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்று அழைப்பதும் இந்த நிகழ்வைத்தான். 2024 மே மாதத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளொன்றில் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்ததைத் தமிழ்நாட்டினர் மறந்திருக்க முடியாது. அறிவிப்பு இல்லாமல் திருடனைப்போல வருவதால் அந்தப் பெயர். மெக்சிகோவிலும் அதன் குணம் அதுவே.

இனி, நீரில் மூழ்கி இறப்பவர்களில் பலரைக் கொண்டுபோகும் இழுப்பு நீரோட்டத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் ரிப் கரண்ட் என்று பரவலாக அறியப்படும் இதற்கு மெக்சிகோவில் ‘கொரியெந்தே தே ரெதோர்னோ’, அதாவது திரும்பு நீரோட்டம் என்று பெயர். அலை உடையும்போது நீர் கரைப்பக்கம் தள்ளப்பட்டு, அங்கே கடல்மட்டம் சற்றே உயர்கிறது. பெரிய அலை நாள்களில் இந்த உயர்வு ஒரு சாண் அளவுக்கு இருக்கலாம். குவிந்த நீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். கரைக்கு இணையாகக் கிடக்கும் மணல் மேட்டில் எங்காவது ஒரு பள்ளமான இடைவெளி இருந்தால், அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை. அலை உடையாததால் அங்கே நீர்மட்டமும் உயர்வதில்லை. எனவே இரு பக்கமும் குவிந்த நீர் கரையோரமாகவே ஓடி வந்து அந்த இடைவெளியில் சேர்ந்து, ஒரு குறுகிய ஆறாகக் கடலுக்குள் பாய்கிறது. அதன் வேகம் சாதாரணமாக வினாடிக்கு அரை மீட்டருக்குள்தான். சில வேளைகளில் 2 மீட்டரையும் தொடும். நன்றாக நீந்தத் தெரிந்த சராசரி மனிதர் வினாடிக்கு ஒரு மீட்டர் நீந்துவதே கடினம்.

இதில் பொறி எங்கே இருக்கிறது என்றால், அந்த இடைவெளி பார்ப்பதற்குத்தான் மிகவும் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. இரு புறமும் வெள்ளை நுரையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவே ஒரு பட்டை மட்டும் அலையற்றுக் கருநீலமாகவோ, கலங்கிய மணல் நிறத்திலோ கிடக்கும். குழந்தையைக் கையில் பிடித்து நிற்கும் எந்தத் தகப்பனும் இயல்பாக அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். அது தேர்ந்தெடுக்கக் கூடாத இடம். நுரை இல்லாத பட்டை, கடலை நோக்கி நகரும் பாசித்துண்டுகள், முகடுகள் அந்த இடத்தில் மட்டும் அறுபட்ட வரிசைபோல் தெரிவது, இவை மூன்றையும் கரையிலுள்ள மணற்குன்றில் ஏறி நின்று உயரத்திலிருந்து பார்த்தால் எளிதில் அடையாளம் காணலாம்.

பார்ப்பதற்கும் நேரம் வேண்டும். ஏறக்குறைய ஒத்த நீளமுள்ள அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது சில இடங்களில் கூடி வலுக்கின்றன, சில இடங்களில் கழிந்து தேய்கின்றன. அதனால்தான் பெரிய அலைகள் ஐந்தாறு சேர்ந்து கூட்டமாக வருவதும், பிறகு பல நிமிடங்களுக்குக் கடல் தூங்குவதுபோல் இருப்பதும் மாறி மாறி நடக்கின்றன. வாகனத்தை விட்டு இறங்கியவுடன் கண்ட அமைதி, இரண்டு கூட்டங்களுக்கு நடுவே உள்ள ஓய்வாக இருக்கலாம். இருபது நிமிடம் உட்கார்ந்து பார்க்கச் சொல்வது இதனால்தான். பிள்ளைகள் அந்த இருபது நிமிடத்தைத் தாங்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அதற்குத்தான் இளநீர்க் கடை இருக்கிறது.

‘முழங்கால் அளவுதானே’ என்ற சமாதானத்தை இயற்பியல் ஏற்பதில்லை. பெரியவரின் முழங்காலைத் தாண்டிய நீர் ஐந்து வயதுக் குழந்தைக்கு இடுப்பளவு. 18 கிலோ எடையுள்ள குழந்தை இடுப்பளவு நீரில் நிற்கும்போது, மிதப்பு விசை அதன் எடையில் ஏறத்தாழ பாதியைத் தாங்கிவிடுவதால், பாதம் மணலை அழுத்துவது சுமார் 9 கிலோ எடையால் மட்டுமே. ஈர மணலில் அது தரும் பிடிமானம் ஐந்து கிலோ எடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் அந்தச் சிறு உடலைத் தள்ளும் விசை தோராயமாக இரண்டு கிலோ எடைக்குச் சமம், எனவே குழந்தை நின்றுவிடும். வேகம் ஒரு மீட்டரானால் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது; எட்டு கிலோ அளவுக்கு வந்துவிட, பாதம் வழுக்கிவிடும். அதே நீரில் பக்கத்தில் நிற்கும் தாய் எதையும் உணராமலே இருப்பார். கைக்கெட்டும் தூரத்தில் நின்றாக வேண்டும் என்பதன் கணக்கு இவ்வளவுதான்.

ஒருவேளை இழுக்கப்பட்டுவிட்டால், இந்த நீரோட்டம் யாரையும் கீழே இழுப்பதில்லை, வெளியே மட்டுமே கொண்டுபோகிறது என்பதை நினைவில் வைப்பது உயிர் காக்கும். எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதே பெரும்பாலும் மரணத்துக்குக் காரணமாகிறது. கலிபோர்னியாவின் மான்டெரேயில் கடல் ஆய்வாளர் ஜேமி மக்மஹன் குழுவினர் இடங்காட்டிக் கருவி பொருத்திய மிதவைகளை இத்தகைய நீரோட்டங்களில் விட்டுப் பார்த்தபோது, பெரும்பாலானவை ஆழ்கடலுக்குப் போய்விடாமல் அலை உடையும் பகுதிக்குள்ளேயே வட்டமடித்துத் திரும்பின. எல்லாக் கடற்கரையிலும் இப்படி நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குவது, கையை உயர்த்தி உதவி கேட்பது, தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நகர்ந்து நுரை தெரியும் பக்கம் சேர்வது என்ற வரிசையே பொருத்தமானது. குழந்தைக்கு இவற்றில் முதலாவதை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும், அதையும் ஊருக்குக் கிளம்பும் முன் நீச்சல் குளத்திலேயே கற்றுக்கொடுத்துவிடலாம்.

காற்றடைத்த வாத்து, வளையம் முதலியவற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால், விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அந்தத் தரைக்காற்றில் நீரின் மேற்பரப்பு கண்ணாடிபோல் இருக்கும். குழந்தைகளைக் குளிக்க வைக்க அதுவே நல்ல வேளை. ஆனால் எடை இல்லாமல் நீருக்கு மேலே பாய்மரம்போல் நிற்கும் ரப்பர் வாத்தை அந்தக் காற்று, உட்கார்ந்திருக்கும் பிள்ளையோடு சேர்த்து, வெளியே நகர்த்திவிடும். உடலோடு கட்டும் உயிர்காப்பு உடுப்புக்கு இந்தக் குறை இல்லை. பிற்பகலில் காற்று திசை மாறிக் கடற்காற்றாகும்போது சிற்றலைகள் எழுந்து நீர் கலங்கிவிடும், நீரோட்டத்தின் அடையாளங்களும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இதே பார்வையோடு வேறு ஊர்களையும் தேர்ந்தெடுக்கலாம். கிழக்கே வாத்துல்கோவில் ஒன்பது குடாக்கள் உள்ளன. அவற்றில் லா எந்த்ரேகாவின் அமைதியான நீரில் பவளப்பாறைகளே வளர்கின்றன. புவேர்த்தோ எஸ்கொந்திதோவுக்கும் வாத்துல்கோவுக்கும் இடையில் உள்ள சிபோலிதே என்ற பெயருக்கு இறந்தோர் கடற்கரை என்று உள்ளூரில் பொருள் சொல்கிறார்கள். சொற்பிறப்பு எப்படியிருந்தாலும் அந்தத் திறந்த கரையின் நீரோட்டங்கள் அந்தப் பெயருக்குப் பொருத்தமானவையே. அலையே இல்லாத நீர் வேண்டுமென்று காயல்களைத் தேடிப் போகிறவர்கள், மேற்கே உள்ள சக்காவா காயலில் முதலைகள் வாழ்கின்றன என்பதையும் அறிந்திருப்பது நல்லது. கொடிகள் பறக்கும் கடற்கரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகியவற்றின் பொருள் சாலை விளக்குகளுக்கு உரியதே. கொடி இல்லாத இடத்தில் மீனவர்களைக் கேட்கலாம்.

கரிசாலீயோவின் விளிம்பில், அலை வந்து தொட்டுப் போகும் இடத்தில் நிற்கும் குழந்தை கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி கேட்கும்: காலுக்கடியில் மணல் ஏன் ஓடுகிறது? மேலேறிய நீர் சரிவில் திரும்பி இறங்கும்போது குதிகாலைச் சுற்றி வேகமெடுத்து, சிறு சுழல்களாக மணலை அரித்து எடுத்துச் செல்கிறது. அதனால் குதிகால் புதைகிறது, கால் கூசுகிறது. இதைத்தான் மெக்சிகோக்காரர்கள் ‘ரெசாகா’ என்கிறார்கள். மறுநாள் காலை மதுவின் தலைவலிக்கும் ஸ்பெயின்காரர்களிடம் அதே சொல்தான். சிகாதேலாவில் ஓர் இடைவெளியைத் தேடிச் சேர்ந்து ஆறாகப் பாயும் அதே திரும்பு நீர், இங்கே கரை முழுவதிலும் மெல்லிய தகடாகப் பரவி, ஒரு பிள்ளையின் குதிகாலை மட்டும் தோண்டிவிட்டுப் போகிறது.