காலில் பலம் இருக்கிறது, பாய்ச்சல் ஏன் வரவில்லை?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். வலய மட்ட மெய்வல்லுநர் போட்டிகள் நெருங்கினால் போதும், பின்தொடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். அண்மையில் வந்தவளுக்குப் பதினாறு வயது. 100 மீற்றர் ஓட்டமும் நீளம் பாய்தலும் அவளுடைய போட்டிகள். ஒரே வருடத்தில் இரண்டாவது தடவையாக அதே இடத்தில் தசை இழுத்துவிட்டது. "தெனமும் மேடு ஏறி இறங்கி ஸ்கூல் போற புள்ள மிஸ். இவளுக்கா கால்ல பலம் இல்ல?" என்று கேட்டார் அம்மா.

அவர் கேட்டது நியாயம். பலம் இருக்கிறது. தசைகள் வேலைக்கு வரும் வரிசைதான் பிசகியிருக்கிறது.

வலி தணிந்த பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடித்து, ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்கச் சொன்னேன். என் ஒரு கை அவள் பிட்டத்தில், மற்றது பின்தொடையில். பின்தொடை கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. பிட்டம் மெத்தென்றே இருந்தது. மூன்றாவது தடவை பின்தொடை சுண்டிப் பிடித்து, "ஆ" என்று காலை உதறினாள்.

உடம்பிலேயே பெரிய தசை பிட்டத் தசைதான். ஓடும்போது தரையைப் பின்னால் தள்ளும் பெரும்பொறுப்பு அதற்கு. அது பிந்தினால் பின்தொடை அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. பிட்டத் தசை 'தூங்கிவிட்டது' என்று யூடியூபில் சொல்வார்கள். அப்படியில்லை, எழுந்து நடக்கிற எவருக்கும் அது விழித்துத்தான் இருக்கிறது. நேரத்துக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

அந்த நேரம்தான் முக்கியம். முழு வேகத்தில் ஓடும் ஒருவரின் பாதம் ஒவ்வொரு அடியிலும் தரையில் இருப்பது ஏறத்தாழ 0.1 செக்கன். தசை தன் முழு விசையையும் திரட்ட 0.3 செக்கனுக்கு மேல் வேண்டும். அந்தக் கண்ணிமைப்பில் எவ்வளவு விசை வருகிறதோ அதுதான் பாய்ச்சல். நம் தோட்டப் பாதைகளில் இறங்கும்போது முன்தொடை பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது. நம் பிள்ளைகளுக்குப் பிரேக் நன்றாகப் பழகியிருக்கிறது, தள்ளப் பழகவில்லை என்பது நான் பார்த்த வரையில் என் கணிப்பு.

இதற்கு மைதானத்தில் கிடைக்கும் மருந்து என்ன? மேட்டில் இருபது தடவை ஓட்டம், பிந்தினால் தோப்புக்கரணம். எனக்கு மனம் வெந்துபோகும். களைத்த உடம்பு பழைய வரிசையைத்தான் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் ஓடவைத்தால் பிழையைத்தான் மனப்பாடம் செய்விக்கிறோம்.

அவளுக்கு முதலில் குதிக்காலைப் பிட்டத்துக்குக் கிட்டே இழுத்துவைத்து இடுப்பைத் தூக்கப் பழக்கினேன். அப்படி மடித்தால் பின்தொடை சுருங்கிப்போய் வலுக் குறைகிறது, பிட்டத்துக்கு வேலை வந்தே ஆகவேண்டும். அப்புறம் விளக்குமாற்றுக் கம்பை முதுகோடு பிடித்து, தலை, முதுகு, வாலெலும்பு மூன்றிலும் அது விலகாமல் இடுப்பைப் பின்தள்ளிக் குனிவது. லயத்து வாசற்படியிலிருந்து குதித்து, முழங்கால் உள்ளே மடங்காமல், சத்தமில்லாமல் ஊன்றுவது. பின்தொடையையும் விட்டுவிடவில்லை. முழங்காலில் நின்று, தங்கை கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, மெதுவாக முன்னால் சாயச் சொன்னேன்.

படுத்துச் செய்யும் பயிற்சி தானாக ஓட்டமாகிவிடாது. நான்காவது வாரம் மெல்லிய ஏற்றத்தில் 15 மீற்றர், முழு வேகத்தில், ஐந்தே தடவை. நடந்து இறங்கி, மூன்று நிமிடம் ஓய்வு. வேகம் குறைந்தால் அன்றைக்கு அதோடு சரி. "இவ்வளவு தானா மிஸ்?" என்று ஏமாற்றமாகக் கேட்டாள். ஆரம்ப வாரங்களின் முன்னேற்றத்தில் பெரும்பங்கு நரம்பு கற்றுக்கொள்வதால் வருவது, தசை பருப்பது பிறகுதான். கற்கிற நரம்புக்கு இளைப்பாறல் வேண்டும்.

பனிக்காலக் காலைகளில் உடம்பு சூடேறும் வரை ஜேர்சியைக் கழற்றவிடாதீர்கள், குளிர்ந்த தசை மெதுவாகத்தான் சுருங்கும். முழங்கால் வீங்கியிருந்தால் எந்தப் பாய்ச்சலும் வேண்டாம். மூட்டில் வீக்கம் இருக்கும்வரை முன்தொடைக்குப் போகும் கட்டளையை நரம்பே குறைத்துவிடும். அந்தப் பிள்ளையை முதலில் வைத்தியரிடம் அனுப்புங்கள்.