நம்பர் தெரியாமலே திறந்த பூட்டு

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளுக்குப் பதினோராம் வகுப்பில் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளை, குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே நம்பர் பூட்டுப் போட்டு நிறுத்துவார்களாம். ஒருநாள் விடிந்து பார்த்தால் சைக்கிளைக் காணோம், பூட்டு மட்டும் தரையில் கிடக்கிறது. வெட்டவில்லை, உடைக்கவில்லை, சொந்தக்காரர் மாதிரி திறந்து கழற்றிப் போட்டிருக்கிறார்கள். "அப்படின்னா நம்பர் தெரிஞ்ச ஆள்தானே சார் எடுத்திருக்கணும்?" என்று கேட்கிறார். இதற்குள் மாமியார் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவரிடம் போய் வந்துவிட்டார். அவர் "தெரிஞ்ச ஆள்தான், பக்கத்துலதான் இருக்கான்" என்று சொல்லிவிட, எதிர்வீட்டுப் பையனை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். அவன் ஒருதரம் அந்தப் பெண்ணுக்குப் பூட்டைத் திறந்து கொடுத்திருக்கிறான். அவ்வளவுதான் அவன் மேல் உள்ள சாட்சியம்.

சரி, நேராகச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பூட்டைத் திறக்க நம்பர் தெரியவே வேண்டாம்.

நாலு வளையம், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை. 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். ஒன்றுக்கு இரண்டு நொடி என்று வைத்தாலும் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து அதை யாரும் செய்யப்போவதில்லை. ஆகவே கடைக்காரர் "பத்தாயிரம் நம்பர் சார்" என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் திருடன் அந்த ஆட்டத்தையே ஆடுவதில்லை.

பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு முனையில் சின்னக் கம்பி, அதில் வரிசையாக நாலு பற்கள். மறுமுனையில் அந்தக் கம்பி நுழைகிற குழல், அதைச் சுற்றி நாலு வளையங்கள். ஒவ்வொரு வளையத்தின் உட்பக்கத்திலும் ஒரே ஒரு இடத்தில் பள்ளம் வெட்டியிருப்பார்கள். சரியான எண்ணை வைத்தால் நாலு பள்ளமும் ஒரே கோட்டில் வந்து நிற்கும், பற்கள் அந்த வழியாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒரு வளையம் மாறியிருந்தாலும் அந்தப் பல் வளையத்தின் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். இவ்வளவுதான் பூட்டு.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறோம். எண்ணைத் தப்பாக வைத்துக்கொண்டு கம்பியை வெளியே இழுத்தால் நாலு பற்களும் நாலு வளையங்களின் மேல் ஒரே சமயத்தில், ஒரே அழுத்தத்தோடு முட்ட வேண்டும் இல்லையா? படம் வரைந்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் உலகத்தில் எந்த இயந்திரமும் நாலு பற்களை அச்சு அசலாக ஒரே இடைவெளியில் வெட்டுவதில்லை, துளியளவாவது முன்னே பின்னே இருக்கும், விலை குறைந்த பூட்டு என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் இழுக்கும்போது ஏதோ ஒரு பல்தான் முதலில் முட்டும், பாரம் முழுக்க அதன் மேல்தான். சப்பரம் தூக்கும் நாலு பேரில் உயரமானவன் தோளில்தானே பாரம் முதலில் இறங்கும்? அவன் கொஞ்சம் குனிந்துவிட்டால் அது அடுத்த உயரக்காரனுக்குப் போகும். பூட்டிலும் அதே கதைதான். இழுத்துப் பிடித்துக்கொண்டு வளையங்களை ஒவ்வொன்றாக அசைத்தால் மூன்று லேசாகச் சுற்றும், ஒன்று மட்டும் இறுகிப்போய் முரண்டு பிடிக்கும். அதை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தால், பள்ளம் பல்லுக்கு நேரே வந்ததும் "டக்" என்று ஒரு மிகச் சின்ன அசைவு கையில் தெரியும். கம்பி ஒரு மயிரிழை வெளியே வந்திருக்கும். உடனே பாரம் அடுத்த வளையத்துக்கு மாறும், அது இறுகும்.

என்ன நடந்துவிட்டது என்று கவனியுங்கள். நாலு வளையத்தையும் சேர்த்துக் கண்டுபிடிப்பதானால் 10×10×10×10. ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க முடிந்தால் 10+10+10+10, அதிகபட்சம் 40. பெருக்கல் குறி கூட்டல் குறியாகிவிட்டது! பத்தாயிரம் என்ற கோட்டையை இடித்தது திருடனின் மூளைகூட இல்லை, லேத்து இயந்திரத்தின் கை நடுக்கம்.

இதை எழுதுவதற்கு முன்னால் 150 ரூபாய்க்கு ஒரு பூட்டு வாங்கி, வீட்டில் வேறொருவரை நம்பரை மாற்றி வைக்கச் சொல்லித் திண்ணையில் உட்கார்ந்து முயன்று பார்த்தேன். முதல் தடவை அரை மணி நேரம், விரல் வலி, திட்டு. மூன்றாம் தடவை நாலே நிமிடம்.

இது புதுசும் இல்லை. லண்டனில் பிரமா என்ற பூட்டுக் கம்பெனி, திறப்பவருக்கு 200 கினி (பழைய இங்கிலாந்துப் பணம்) பரிசு என்று எழுதி ஒரு பூட்டைக் கடைச் சன்னலில் வைத்திருந்தது. அறுபது வருடத்துக்கு மேல் ஒருவராலும் முடியவில்லை. 1851ல் அங்கே நடந்த பெரிய கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்பிரட் ஹாப்ஸ், அந்தப் பூட்டின் மேல் விடாமல் அழுத்தம் கொடுத்துக்கொண்டு எந்தத் தகடு இறுகுகிறது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தே திறந்துவிட்டார். பதினாறு நாளில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. சப் என்ற இன்னொரு கம்பெனியின் பேர்போன பூட்டையும் அவர் சுமார் 25 நிமிடத்தில் திறந்துவிட்டார். சாவிப் பூட்டின் உள்ளே தடுத்து நிற்பது முள்ளாக இருந்தாலும் நெம்புத் தகடாக இருந்தாலும் ஒரே பலவீனம்தான். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டிலும் உண்டு: எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, முதல் தப்பிலேயே "இல்லை" என்று சொல்லிவிடும் மென்பொருள், பதில் சொல்ல எடுக்கும் நேரத்தாலேயே எத்தனை எழுத்து சரி என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நல்ல பூட்டில் இதற்கும் மாற்று வைத்திருக்கிறார்கள். வளையத்தில் உண்மையான பள்ளத்தோடு ஆழம் குறைந்த பொய்ப் பள்ளங்களும் வெட்டிவிடுவார்கள், "டக்" என்று பத்து இடத்தில் கேட்டால் தடவுகிறவன் குழம்பிப் போவான். நம் திண்டுக்கல் ஆட்கள் இந்த மாதிரி ஏமாற்று வித்தையில் பரம்பரைக் கைகாரர்கள். 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், சந்தோஷம். அதோடு நிற்காமல், மாங்காய்ப் பூட்டு செய்யும் கையையும் பாலிடெக்னிக் மாணவர்களையும் ஒரு பட்டறையில் உட்காரவைத்து, எடை குறைந்த நல்ல சைக்கிள் பூட்டு ஒன்று செய்யுங்கள் என்று ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கினால் என்ன? ராக்கெட்டுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அதன் சில்லறையில் இதையும் செய்யலாம் என்கிறேன்.

அப்புறம், வீட்டில் என்ன செய்வது? சக்கரத்தை மட்டும் பூட்டினால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அதனால் பிரேமைச் சன்னல் கம்பியோடோ கிரில்லோடோ சேர்த்துப் பூட்டுங்கள். கேபிள் பூட்டின் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது மெல்லிய கம்பிகளின் முறுக்கு, கையடக்கக் கட்டரே அதைக் கடித்துவிடும். அதைவிடக் கடினமாக்கிய எஃகில் வந்த யூ பூட்டு (ஆங்கில U எழுத்து மாதிரி வளைந்த தடித்த கம்பி) மேலானது, அதுவும் உள்ளே நெம்புகோல் நுழைய இடம் இல்லாதபடி சின்னதாக. பூட்டைத் தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள், ஏனென்றால் போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி மறு கைப்பிடியில் உடம்பு எடையைப் போட்டால் அதன் பலம் எங்கேயோ போய்விடும். யூ பூட்டு என்பதற்காகக் கண்ணை மூடி நம்பவும் வேண்டாம்: 2004ல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் கம்பெனியின் சில பூட்டுகள் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் குழாயை வைத்துத் திருகினாலே திறந்துகொண்டன, கம்பெனி மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நம்பர் பூட்டுத்தான் கையில் இருக்கிறது என்றால், பூட்டிய பிறகு கடைசி வளையத்தை மட்டும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகாதீர்கள், நாலையும் கலைத்துவிடுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் பிரேம் நம்பரை இன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டேஷனில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மதுரை வாசகிக்கு ஒன்று. அந்தப் பூட்டு இன்னும் உங்கள் வீட்டில்தானே கிடக்கிறது? நம்பரை மாற்றி, வளையங்களைக் கலைத்துவிட்டு மாமியார் கையில் கொடுங்கள். ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, எந்த வளையம் முரண்டு பிடிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வத்தல் காயவைத்து, அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய விரல்கள், என்னைவிடச் சீக்கிரம் திறந்துவிடுவார். எதிர்வீட்டுப் பையனையும் அப்போது கூப்பிட்டு உட்காரவையுங்கள்.