போஸ்ட் கார்டு அளவு ரப்பர்

ஹூண்டாய் ஐ20 என் லைன் கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் முதல்முறையாக ஓட்டப் போகிறேன். 16 இன்ச் வீலைக் கழற்றிவிட்டு 17 போடலாமா? டயர் எவ்வளவு அகலம் எடுப்பது?”

அவர் காரில் இருப்பது 195/55 ஆர்16. அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 இன்ச். கூட்டிப் பார்த்தால் மொத்த விட்டம் 621 மி.மீ. எதை மாற்றினாலும் இந்த விட்டத்தை ஒட்டியே இருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டரின் கணக்கு அதை வைத்துத்தான்.

இனி அகலம். உராய்வு விசை எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் ரேஸ் கார்களுக்கு ஏன் அவ்வளவு அகல டயர்? ரப்பர் அந்த விதிக்குக் கட்டுப்படாத பொருள் என்பதுதான் பதில். எனக்கு இதில் தீராத வியப்பு உண்டு.

தார்ச்சாலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மலையும் பள்ளமுமாக ஜல்லிமுனைகள். டயர் வழுக்க முயலும்போது ரப்பர் ஒவ்வொரு முனையிலும் அமுங்கி, ஏறி, இறங்குகிறது. ஸ்பிரிங் போல உடனே நிமிர்வதில்லை, கொஞ்சம் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தில் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. நாம் பிடிப்பு என்று சொல்வதில் ஒரு முக்கியப் பங்கு இதுதான். மீதி, ரப்பர் மூலக்கூறுகள் கல்லோடு ஒட்டி ஒட்டிப் பிய்வது. இரண்டுமே ரப்பரின் இந்த மந்தகுணத்திலிருந்து வருபவை என்று ரப்பர் ஆராய்ச்சியாளர் குரோஷ் 1963இல் சோதனை செய்து காட்டினார்.

எடை கூடக் கூட ரப்பர் பள்ளங்களுக்குள் இறங்கி அதிகமாகத் தொடும். ஆனால் பள்ளங்கள் நிரம்பி வரும்போது புதிதாகத் தொட இடம் குறைகிறது. எடை இரட்டித்தாலும் பிடிப்பு இரட்டிக்காது. வளைவில் இது நம் கையைக் கடிக்கும். உதாரணத்துக்கு, நேராகப் போகும்போது இரு முன் டயர்களிலும் தலா 300 கிலோ, பிடிப்பும் தலா 300 என்று வைத்துக்கொள்வோம். வளைவில் வெளி டயருக்கு 500, உள் டயருக்கு 100 என எடை சாய்கிறது. வெளி டயர் 450தான் தரும், உள் டயர் 105 தரும். 600 இருந்த இடத்தில் 555. கார் அதேதான், ஆளும் அதேதான். 45 கிலோ பிடிப்பு காணாமல் போனது எடை இடம் மாறியதால் மட்டுமே.

அகல டயர் இதை முழுசாகச் சரிசெய்யாது. ஒரு முன் டயர் 350 கிலோ தாங்கினால், 35 பிஎஸ்ஐ காற்றில் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 140 சதுர செ.மீ.; போஸ்ட் கார்டைவிடச் சற்றே பெரியது. அகலத்தைக் கூட்டினால் அந்தத் தடம் நீளத்தில் குறுகும், பரப்பு பெரிதாக மாறாது. ஆனால் வெப்பத்தைப் பங்கிட ரப்பர் கூடுதலாகக் கிடைக்கும். அதைவிட முக்கியம் ரிம்மின் அகலம். ஒடுங்கிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் வளைவில் பக்கச்சுவர் மடங்கி, உள்விளிம்பு தரையைவிட்டு எழும்பும். போஸ்ட் கார்டில் பாதி வீண்.

அதனால் என் யோசனை: 16 இன்ச்சிலேயே இருங்கள். 17 இன்ச் வீல் பெரும்பாலும் எடை கூடுதல், டயர் விலையும் கூடுதல். 7 இன்ச் அகல ரிம்மில் 205/50 ஆர்16 போடலாம். விட்டம் 611, ஒன்றரை சதவீதம்தான் குறைவு. டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் சுமை எண் 87க்குக் குறையக் கூடாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். மிச்சமாகும் காசை மென்மையான ரப்பர் கலவை கொண்ட டயரில் போடுங்கள். அளவைவிட அது அதிகம் தரும்.

டயரில் நைட்ரஜன் அடைக்கச் சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். ஈரமில்லாத காற்றாக இருந்தால் போதும். கிளம்பும் முன் எலுமிச்சம்பழம் நசுக்குகிறவர்களைப் பார்க்கும்போது, அந்த இரண்டு நிமிடத்தில் நாலு டயரிலும் காற்று பார்த்திருக்கலாமே என்று ஆதங்கமாக இருக்கும். ஒரகடத்தில் அரசுப் பணத்தில் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. டயர்களின் பிடிப்பை அங்கே அளந்து எல்லாருக்கும் வெளியிட நிதி ஒதுக்க வேண்டும். கம்பெனிகள் பூட்டி வைக்கும் அந்த எண்கள் நம் பிள்ளைகளுக்குப் பாடமாகும்.

டிராக்குக்கு ஒரு சாக்பீஸ் எடுத்துப் போங்கள். டயரின் ஓரத்தில், ட்ரெட்டிலிருந்து, அதாவது சாலையைத் தொடும் முகப்பிலிருந்து, பக்கச்சுவர்வரை ஒரு கோடு போடுங்கள். நாலு சுற்று ஓட்டிவிட்டு வந்து குனிந்து பாருங்கள். பக்கச்சுவரில் இருக்கும் சின்ன முக்கோணக் குறியையும் தாண்டிக் கோடு அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். ட்ரெட்டின் ஓரத்திலேயே கோடு மிச்சமிருந்தால் கொஞ்சம் இறக்குங்கள்.