ஸ்பேனர் குறடு அல்ல

இணையக் கடை ஒன்றின் தமிழ்ப் பக்கத்தில் ஸ்பேனர் செட் தேடினேன். 'துளி போலி எஃகுக் குறடு, 8 துண்டுகள்' என்று வந்தது. காய்ச்சிய எஃகை அச்சுக்குள் வைத்து அடித்து உருவாக்கியது என்பதுதான் 'டிராப் ஃபோர்ஜ்டு'. ஸ்பேனர் வாங்குகிறவர் முதலில் தேட வேண்டிய முத்திரை அது. 'டிராப்' துளியாகி, 'ஃபோர்ஜ்டு' போலியாகிவிட்டது. அந்த முத்திரையையே போலி என்றால் யார் வாங்குவார்? சரி, அது இயந்திரம் செய்த கூத்து. ஆனால் 'குறடு' என்று மனிதர்களும் எழுதுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ரெஞ்ச், 'முறுக்கு' என்னும் பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல். ஸ்பேனர், 'இழுத்து இறுக்கு' என்னும் ஜெர்மன் வினையிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில், சக்கரம் சுழன்று தீப்பொறி கிளப்பிய துப்பாக்கியில், அந்தச் சக்கரத்தின் ஸ்பிரிங்கை முறுக்கிய சாவிக்கு அந்தப் பெயர். அமெரிக்கருக்கு ரெஞ்ச், ஆங்கிலேயருக்கு ஸ்பேனர். நம் பட்டறைக்கும் ஸ்பேனர்தான்.

குறடு என்றால் என்ன? கொல்லன் உலையிலிருந்து பழுத்த இரும்பை எடுப்பது குறடு. பொற்கொல்லர் கம்பியைப் பிடித்து இழுப்பது குறடு. இரண்டு கைப்பிடி, நடுவே ஓர் அச்சாணி. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பிடிக்கும். கட்டிங் பிளேயரைக் குறடு என்றால் பொருந்தும். ஸ்பேனர் எதையும் அழுத்திப் பிடிப்பதில்லை. அதன் வாய் நட்டின் அளவுக்கே வெட்டியிருக்கும். 'பத்து பதினொண்ணு எடு' என்று மெக்கானிக் கேட்பது இரு முனை வாய்களின் மில்லிமீட்டர் அளவைத்தான். குறட்டுக்கு ஏது அப்படி அளவு? குறட்டால் நட்டைத் திருகினால் அதன் மூலை மழுங்கும். பட்டறைப் பையன் முதல் வாரத்தில் வாங்கும் திட்டு அதற்காகத்தான். அந்தத் தப்பையே நாம் பெயராக வைத்துவிட்டோம்.

'திருகி' என்று சொல்லிப் பார்க்கிறார்கள். அது திருப்புளியோடு குழம்பும். ஸ்க்ரூ டிரைவருக்குத் திருப்புளி என்ற நல்ல சொல் புழக்கத்தில் இருக்கும்போது பக்கத்திலேயே எதற்கு இன்னொரு திருகி?

நான் எழுதுவது மரைச்சாவி. மரை என்றால் நட்டு. மரை கழன்றவன் என்று திட்டுகிறோமே, அந்த மரை. (மானில் ஒரு வகையும் மரைதான், இங்கே யாரும் குழம்ப மாட்டார்கள்.) ஜெர்மானியருக்கு இது திருகுச்சாவி, ரஷ்யருக்கு மரைச்சாவி, பிரெஞ்சுக்காரருக்கு வெறும் சாவி. பூட்டுக்கு ஏற்ற சாவி போல மரைக்கு ஏற்ற அளவு என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'சாவி போர்த்துகீசியச் சொல்லாயிற்றே' என்று தூய தமிழ் நண்பர்கள் வருவார்கள். ஆமாம், அங்கே அதே சொல் ஸ்பேனரையும் குறிக்கும். அலமாரியையும் ஜன்னலையும் வைத்துக்கொண்டு சாவியை மட்டும் துரத்துவானேன்? கூடாதென்றால் மரைத்திறவுகோல் என்று எழுதட்டும். பெட்டியில் அச்சடிக்க இடம் இருந்தால்.

பெட்டி என்றதும் இன்னொரு எரிச்சல். 'ஜெர்மனியில் வடிவமைத்தது' என்று மூலத்தில் இருப்பது தமிழில் 'ஜெர்மன் தயாரிப்பு' ஆகிவிடுகிறது. ஜெர்மனியின் கருவித் தொழில் நகரமான ரெம்ஷைடில் அடித்த ஸ்பேனர் வேறு. அங்கே வரைந்து வேறெங்கோ அடித்தது வேறு. வேறெங்கோ என்பதாலேயே அது மட்டம் என்றில்லை. தைவானின் தைச்சுங்கிலும் நம் ஜலந்தரிலும் நல்ல ஸ்பேனர் அடிக்கிறார்கள். நாசிக்கின் டபாரியா கருவி நிறுவனம், ஸ்வீடனின் பாஹ்கோ நிறுவனத்திடம் தொழில் கற்றுத் தொடங்கியது. எஃகும் பதமும் சரியில்லாவிட்டால் எந்த ஊர் ஸ்பேனரும் அழுத்தும்போது வாய் பிளக்கும். எங்கே செய்தது என்று காசு கொடுப்பவர் கேட்பது நியாயம். மொழிபெயர்ப்பாளர் அதற்குப் பொய்யான பதிலைத் தருகிறார்.

பைப் ரெஞ்சை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். அதன் வாயில் பல் உண்டு, உருண்டைக் குழாயைக் கடித்துப் பிடிக்கிறது. அதைக் குழாய்க்குறடு என்று எழுதினால் சண்டைக்கு வர மாட்டேன்.